வெளிநாட்டு வீட்டில் ஹனுக்கா விருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரைக்காரி. கணவர் இஸ்ரேலின் ஹைஃபாவில் பிறந்து வளர்ந்தவர். குடித்தனம் பெர்லினில். டிசம்பர் நெருங்கினால் போதும், நம்மவர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், யூத நண்பர்களை வீட்டுக்கு அழைக்க நினைப்பவர்கள், மருமகன் வீட்டார் முதல்முறை வருகிறார்களே என்று தவிக்கும் மாமியார்கள் என்று பல தரப்பினர் கேட்கிறார்கள். அவர்களுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நேரம், கடை எல்லாம் பெர்லினை வைத்துச் சொல்வது. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹனுக்கா எதற்காகக் கொண்டாடப்படுகிறது?

கிமு இரண்டாம் நூற்றாண்டில் யூதேயா செலூக்கிய கிரேக்க அரசின் கீழ் இருந்தது. நான்காம் அந்தியோக்கஸ் யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்து, ஜெருசலேம் கோயிலில் வேறு தெய்வத்துக்குப் பலியிட வைத்தான். மக்கபேயர் என்று அழைக்கப்பட்ட ஒரு குருக்கள் குடும்பம் எதிர்த்துப் போராடி, கிமு 164-இல் கோயிலை மீட்டுப் புனிதப்படுத்தியது. அந்த மறு அர்ப்பணிப்புதான் ஹனுக்கா. ஒரு நாளுக்கு மட்டுமே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற கதை யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதில் வருகிறது. பழைய மக்கபேயர் வரலாற்று நூல்களில் எண்ணெய் அற்புதம் கிடையாது. ஆனால் வீடுகளில் நிலைத்தது எண்ணெய்க் கதைதான். அதனால்தான் எட்டு இரவு விளக்கு, எண்ணெயில் பொரித்த பலகாரம்.

அப்படியானால் இது யூதர்களின் தீபாவளி என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள் என்பேன். விளக்கு என்ற ஒன்றைத் தவிரப் பொதுவானது அதிகமில்லை. யூத மதத்தில் ஹனுக்கா பெரிய பண்டிகையும் அல்ல. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பாஸ்கா இவைதான் முக்கியமானவை. ஹனுக்காவுக்கு வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம், சமைக்கலாம். ஜெபக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. முழுக்க முழுக்க வீட்டுப் பண்டிகை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு ஜன்னல், கொஞ்சம் எண்ணெய், கூடி உட்கார நாலு பேர் இருந்தால் எந்த ஊரிலும் முழுமையாகக் கொண்டாடிவிடலாம்.

விருந்தை எந்த நாளில் வைப்பது?

யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் ஆரம்பம். யூதர்களுக்கு நாள் என்பது சாயங்காலத்தில் தொடங்குவது என்பதால் முதல் விளக்கு அதற்கு முந்தின மாலையில். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் கிறிஸ்துமஸ் அன்று மாலையும், 2025-இல் டிசம்பர் 14 மாலையும் தொடங்கியது. 2026-இல் டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை மாலை.

இந்த வெள்ளிக்கிழமை சமாசாரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெள்ளி சூரியன் மறைவதோடு ஷபாத் ஓய்வுநாள் வந்துவிடும், அதற்குப் பிறகு தீ மூட்டக்கூடாது. ஆகவே ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, அப்புறம் ஷபாத் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் பெர்லினில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. எனவே பிற்பகல் மூன்றரை மணிக்கே விளக்கு. இருட்டிய பிறகும் அரை மணி நேரம் அது எரிய வேண்டும் என்பதால், இரண்டு மணி நேரமாவது தாங்கும் திரியோ மெழுகுவர்த்தியோ தேவை. ஹனுக்கா பெட்டியில் வரும் ஒல்லி மெழுகுவர்த்திகள் சுமார் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், வெள்ளிக்கு உதவாது. வேலைக்குப் போகிறவர்களை மூன்றரைக்கு வாருங்கள் என்று அழைக்கவும் முடியாது.

சனிக்கிழமை ஷபாத் முடிய ஐந்து மணியாகும். ஆசாரமான வீடுகளில் அதுவரை சமையல் கிடையாது. ஆகவே 2026-க்கு நான் குறித்து வைத்திருப்பது டிசம்பர் 6, ஞாயிறு, மூன்றாம் இரவு. இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், உருளைக்கிழங்கு வரை எல்லாவற்றையும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். எட்டாம் இரவு விளக்கு நிறைந்து அழகாக இருக்கும், ஆனால் அந்த ஆண்டு அதுவும் வெள்ளிக்கிழமையில் வருகிறது.

விளக்கு முதலிலா, சாப்பாடு முதலிலா?

விளக்குதான் முதலில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும் அரை மணி நேரத்தை வைத்து மாலையைத் திட்டமிடுங்கள், சமையல் அதற்கு அடங்கி நடக்கட்டும்.

காரணம் இருக்கிறது. விளக்கு எரியும் நேரத்தில் பெண்கள் வீட்டு வேலை செய்வதில்லை என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. முதல்முறை என் மாமியார் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோதுதான் இது எனக்குத் தெரிய வந்தது. பண்டிகை நாளில் அடுப்படியிலேயே நின்று பழகிய நம் வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு, பாடிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே வழக்கமாக இருக்கிற பண்டிகை இது! அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆகவே எங்கள் வீட்டு ஒழுங்கு இதுதான். மதியமே பொரிக்கும் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஐந்தரைக்கு விருந்தினர் வருகிறார்கள். ஆறு மணிக்கு விளக்கு. ஆறரைக்கு ஓவனில் இருந்து தட்டுகள் மேஜைக்கு வரும். இருட்டியவுடன் ஏற்றுவதே சிறப்பு, ஆனால் எல்லோரும் வந்து சேரும் வரை காத்திருப்பதில் தப்பில்லை.

ஹனுக்கியா விளக்கு இல்லை. என்ன செய்வது?

ஹனுக்கியா என்பது இந்தப் பண்டிகைக்கான ஒன்பது சுடர் விளக்கு. அது இல்லாவிட்டால் ஒன்பது அகல் விளக்குகள் போதும். எட்டு அகல்களை ஒரே மட்டத்தில் நேர்வரிசையாக வையுங்கள், ஒவ்வொரு சுடரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒன்பதாவது ஷமாஷ், அதாவது மற்றவற்றை ஏற்றும் பணிவிளக்கு. அதை ஒரு சின்னப் பலகையோ கிண்ணமோ கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைத்தால் சரியாகிவிடும். ஆலிவ் எண்ணெயும் பஞ்சுத் திரியும் சிறந்தவை என்பார்கள். கோயிலில் எரிந்தது ஆலிவ் எண்ணெய் அல்லவா. எதுவும் கிடைக்காத காலத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து எண்ணெய் ஊற்றி எரித்த குடும்பங்களும் உண்டு.

மெழுகுவர்த்தி வாங்கினால் 44 உள்ள பெட்டியாகப் பாருங்கள். எட்டு இரவுக்கும் ஷமாஷ் உட்பட அதுதான் கணக்கு.

ஏற்றும் முறை?

முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். ஷம்மாய், ஹில்லெல் இருவரும் பழங்கால யூத ஆசிரியர்கள். ஷம்மாயின் சீடர்கள் எட்டில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்றார்கள், ஹில்லெலின் சீடர்கள் ஒன்றில் ஆரம்பித்துக் கூட்ட வேண்டும் என்றார்கள். நிலைத்தது ஹில்லெல் வழி. மெழுகுவர்த்தியை வலப்பக்கத்திலிருந்து அடுக்க வேண்டும், ஏற்றுவது இடப்பக்கத்திலிருந்து. அதாவது அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த விளக்குக்கே முதல் மரியாதை. முதலில் ஷமாஷைப் பற்ற வைத்து, ஆசி மொழிகளைச் சொல்லிவிட்டு, அதைக் கொண்டு மற்றவற்றை ஏற்றுவார்கள். தினமும் இரண்டு ஆசிகள், முதல் இரவு மட்டும் கூடுதலாக ஒன்று. அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வீடுகளில் அப்புறம் மாஓஸ் சூர் என்ற பாட்டைப் பாடுவார்கள்.

ஹனுக்கா சுடரின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது, அது பார்ப்பதற்கு மட்டுமே. எனவே அறை விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள்.

நான் யூதர் இல்லை. நான் ஏற்றலாமா?

ஆசியில் 'எங்களுக்குக் கட்டளையிட்ட' என்று வருவதால், அதைச் சொல்வதும் ஏற்றுவதும் யூதராக இருப்பவர் செய்வது. எங்கள் வீட்டில் கணவரோ மாமியாரோ ஏற்றுவார்கள். அகலைத் துடைத்து, திரி திரித்து, எண்ணெய் ஊற்றி வைப்பது நான். பாட்டில் நானும் சேர்ந்துகொள்வேன். இதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

ஜன்னலில்தான் வைக்க வேண்டுமா? இந்தக் காலத்தில் பயமாக இருக்கிறதே?

அற்புதத்தை ஊரறியச் செய்வதுதான் இந்த விளக்கின் நோக்கம். அதனால் தெருவைப் பார்த்த ஜன்னலிலோ வாசலிலோ வைப்பார்கள். ஜெருசலேமின் பழைய தெருக்களில் வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். ஆனால் ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள் மேஜைமேல் வைத்தாலே போதும் என்று தல்மூதே சொல்லிவிட்டது. இன்று நீங்கள் உள்ளே வைத்தால் அது கோழைத்தனமும் ஆகாது, விதி மீறலும் ஆகாது. 2023 அக்டோபரில் இஸ்ரேல்மீது ஹமாஸ் தாக்குதல் நடந்த பிறகு ஐரோப்பாவில் பல குடும்பங்கள் இதை யோசித்து யோசித்தே முடிவு செய்கின்றன. விருந்து உங்கள் வீட்டில் என்றாலும் இந்த முடிவை யூத விருந்தினரிடம் விட்டுவிடுங்கள். நாமாகத் திரையை இழுத்து மூடுவதும் சரியில்லை, நாமாக ஜன்னலில் கொண்டுபோய் வைப்பதும் சரியில்லை.

ஜெர்மனியில் வாழ்வதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீல் நகரத்தில் 1931 டிசம்பரில், யூத மதகுரு ரபி அகிவா போஸ்னர் வீட்டு ஜன்னலில் இருந்த ஹனுக்கியாவை அவர் மனைவி ரேச்சல் படம் எடுத்தார். எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்குகிறது. யூதம் சாகட்டும் என்கிறது கொடி, யூதம் என்றும் வாழும் என்கிறது விளக்கு என்ற பொருளில் அந்தப் படத்தின் பின்னால் அவர் எழுதி வைத்தார். குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறித் தப்பியது. அதே ஹனுக்கியா 2022 டிசம்பரில் பெர்லினுக்கு வந்து, ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மையரின் மாளிகையில் ஏற்றப்பட்டது. ஜன்னலில் வைப்பதா வேண்டாமா என்று ஒரு யூத நண்பர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

என்ன சமைப்பது?

முதலில் ஒரு முடிவெடுங்கள்: இறைச்சி விருந்தா, பால் விருந்தா? கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இரண்டும் ஒரே மேஜையில் சேராது. அமெரிக்கக் குடும்பங்களில் மாட்டு நெஞ்சுக்கறியை மூன்று நான்கு மணி நேரம் மெல்ல வேகவைத்துப் பரிமாறுவார்கள். ருசிதான், ஆனால் அதோடு லாட்கேவுக்கு (துருவிய உருளைக்கிழங்கில் பொரிக்கும் அடை) புளித்த கிரீம் வைக்க முடியாது, ஆப்பிள் கூழ் மட்டுமே.

நான் எப்போதும் பால் விருந்தின் பக்கம். யூதித் என்ற வீரப்பெண் எதிரிப் படைத் தலைவனுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்து, தாகமெடுக்க வைத்து, மது ஊற்றி வீழ்த்தினாள் என்ற கதையை ஹனுக்காவோடு சேர்த்துச் சொல்வார்கள். அதனால் பாலாடைக்கட்டிப் பண்டங்களும் இந்தப் பண்டிகைக்கு உரியவையே. உருளைக்கிழங்கு பரவுவதற்கு முன்னால் இந்த அடையைப் பாலாடைக்கட்டியிலும் செய்தார்கள்.

எங்கள் மேஜையில் வருவது: லாட்கே, அதற்குப் புளித்த கிரீமும் ஆப்பிள் கூழும், ஓவனில் சுட்ட சால்மன் மீன், எலுமிச்சை பிழிந்த பருப்பு சூப், பொடியாக நறுக்கிய தக்காளி வெள்ளரி சாலட். கடைசியில் ஸ்ஃபெஞ்ச். பொரித்தது இவ்வளவு இருக்கும்போது புளிப்பான, பச்சையான ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

லாட்கே மொறுமொறுப்பாக வர மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் தண்ணீரில். எட்டுப் பேருக்கு ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், மூன்று முட்டை, நான்கைந்து மேஜைக்கரண்டி மைதா அல்லது மாட்சா மாவு (புளிக்காத ரொட்டியைப் பொடித்தது), உப்பு, மிளகு. மாவுத்தன்மை உள்ள கிழங்காக வாங்குங்கள். ஜெர்மனியில் பையின் மேலேயே எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள்.

கிழங்கையும் வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் துருவினால் கிழங்கு சீக்கிரம் கறுக்காது. துருவியதை ஒரு மெல்லிய துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, கிண்ணத்தின் மேல் பிடித்து முறுக்குங்கள். சாறு நின்றதும் விட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி முறுக்கினால் இன்னொரு அரைக் கிண்ணம் இறங்கும். அந்தச் சாற்றைக் கொட்ட வேண்டாம். பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரை மட்டும் வடித்தால் அடியில் வெள்ளை மாவு கெட்டியாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டித் துருவலோடு சேருங்கள். மைதா அள்ளிப் போடாமல் லாட்கேவைப் பிடித்து நிறுத்துவது இதுதான். உப்பைப் பொரிக்கும் நேரத்தில்தான் போட வேண்டும், முன்பே போட்டால் மறுபடி தண்ணீர் விடும்.

வாணலியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய். சூரியகாந்தி எண்ணெய் நல்லது. ஒரு துருவலைப் போட்டால் உடனே நுரைத்துக்கொண்டு மிதக்க வேண்டும், அதுதான் பதம். ஒரு கரண்டி கலவையைப் போட்டு லேசாக மட்டும் தட்டுங்கள், வடை மாதிரி அழுத்தி ஓரத்தைச் சமன் செய்ய வேண்டாம். பிசிறுபிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம்தான் முதலில் சிவந்து மொறுமொறுக்கும். ஒரு ஈட்டுக்கு நாலு அல்லது ஐந்துக்கு மேல் போடாதீர்கள், எண்ணெய் சூடு இறங்கிவிடும். எடுத்ததைத் தட்டில் அடுக்காமல் கம்பி வலைமேல் பரப்பி, 100 டிகிரி ஓவனில் வைத்தால் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும். முந்தின நாளே பொரித்து ஃப்ரீசரில் வைத்து, 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடு பண்ணினாலும் நன்றாக வரும். கையில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் தயங்காமல் இப்படியே செய்யுங்கள்.

ஸ்ஃபெஞ்ச் என்றால் என்ன? டோநட் வாங்கி வைத்தால் போதாதா?

வாங்கியும் வைக்கலாம். இஸ்ரேலில் ஹனுக்காவுக்கு ஜாம் வைத்த சுஃப்கானியாதான் எங்கும். ஐரோப்பாவிலிருந்து போன பலகாரம் அது. ஜெர்மனியில் ஏறத்தாழ அதே பண்டம் புத்தாண்டு சமயத்தில் ஒவ்வொரு பேக்கரியிலும் குவிந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் பழைய வழக்கம் இங்கே உண்டு. கேட்டு வாங்குங்கள்.

என் மாமனாரின் குடும்பம் மொராக்கோவிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டுப் பலகாரம் ஸ்ஃபெஞ்ச். பாலும் இல்லை முட்டையும் இல்லை, அதனால் இறைச்சி விருந்துக்குப் பிறகும் பரிமாறலாம். அரைக் கிலோ மைதா, ஒரு பொட்டலம் உலர்ந்த ஈஸ்ட், ஒரு கரண்டி சர்க்கரை, உப்பு, கிட்டத்தட்ட 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவு மாதிரி இல்லாமல் கையில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் பொங்க விட்டு, கையை நனைத்துக்கொண்டு ஒரு உருண்டையை எடுத்து, நடுவில் விரலால் துளைத்து, இழுத்துக்கொண்டே எண்ணெயில் விட வேண்டும். மெதுவடை தட்டிய கைக்கு இது இரண்டாம் தடவையே பிடிபட்டுவிடும். சர்க்கரையோ தேனோ தொட்டு, சூட்டோடு சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் ஆறினால் சவ்வு போல ஆகிவிடும், ஆகவே விருந்தில் கடைசியாகப் பொரிக்கும் ஒரே பண்டம் இதுதான். விளக்கெல்லாம் அணைந்த பிறகு அடுப்படிக்குப் போனால் போதும்.

நம் ஊர்ப் பலகாரம் ஏதாவது வைக்கலாமா? அவர்கள் தப்பாக நினைப்பார்களா?

தாராளமாக வையுங்கள். கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்கு நெய்யப்பம் சுட்டார்கள். மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் சமூகத்தில் குலாப் ஜாமூன் வழக்கம். எண்ணெய்க்குரிய பண்டிகை, அந்தந்த ஊர் எண்ணெய்ச் சட்டியில் எது பொரியுமோ அதுவே பண்டிகைப் பலகாரம் ஆகியிருக்கிறது. இத்தாலியில் ஒன்று, துருக்கியில் ஒன்று, மொராக்கோவில் ஒன்று.

எங்கள் வீட்டில் நான் மெதுவடை போடுகிறேன். உளுந்து, மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை எதிலும் பாலோ இறைச்சியோ இல்லாததால் எந்த விருந்தோடும் சேரும். அஷ்கெனாசிகள் பருப்பு வகைகளை விலக்குவது பாஸ்கா வாரத்தில்தான். மாமனார் வடைக்கு ஹரிஸ்ஸா என்ற காரமான மிளகாய் விழுது தொட்டுக்கொள்வார். எனக்கும் இப்போது அது பழகிவிட்டது.

விருந்தினர் கண்டிப்பான கோஷர். என் சமையலறையில் எப்படி?

அழைக்கும்போதே நேராகக் கேளுங்கள்: "எங்கள் வீட்டில் என்னென்ன சாப்பிட வசதிப்படும்?" ஒவ்வொருவரும் கடைப்பிடிக்கும் அளவு வேறு. பன்றி, இறால் இல்லாவிட்டால் போதும் என்பவர் உண்டு, நம் பாத்திரத்தில் சமைத்தாலே தொடாதவரும் உண்டு.

கண்டிப்பானவர் என்றால் சமைத்துக் காட்டி நிரூபிக்க முயல வேண்டாம். புது வாணலி, புதுக் கரண்டி, காகிதத் தட்டு, கோஷர் முத்திரை உள்ள எண்ணெயும் மாவும் வாங்கி வைத்து, வந்து சேர்ந்து சமைக்கலாமா என்று கேளுங்கள். யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததைச் சாப்பிடுவதில் கட்டுப்பாடு உண்டு. அஷ்கெனாசி வழக்கில் அடுப்பைப் பற்ற வைப்பது அவர்களாக இருந்தால் போதும். செஃபார்டிகளுக்கு (ஸ்பெயின், வட ஆப்பிரிக்க வழி யூதர்கள்) பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதிலும் அவர்கள் கை வேண்டும். திராட்சை மதுவை அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்குத் தனி விதிகள். வெட்டாத பழங்கள் எப்போதும் பிரச்சினையில்லாதவை.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியை வீடியோவில் சேர்ப்பது எப்படி?

ஹைஃபா மணி பெர்லினை விட ஒரு மணி நேரம் முன்னால். அவர்கள் ஐந்து மணிக்கு ஏற்றினால் நமக்கு நாலு, வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். நியூயார்க்கில் இருக்கும் அத்தைக்கு இருட்டும்போது இங்கே இரவு பத்தரை. ஆக, எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவது நடக்காது. அவர்கள் ஏற்றும்போது நாம் பார்த்து ஆமென் சொல்வது, நாம் ஏற்றும்போது அவர்கள் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்தால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது என்பதே பெரும்பாலான ரபிகளின் கருத்து, எனவே தனியாக இருக்கும் பாட்டியும் தன் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றட்டும். ஷபாத் கடைப்பிடிப்பவர்களுக்கு வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை அழைக்க வேண்டாம்.

போனை விளக்குக்கு எதிரே நிமிர்த்தி வைத்துவிட்டு எல்லோரும் அதன் பின்னால் நிற்பது வழக்கம். அப்படி வைத்தால் தாத்தா பாட்டிக்குச் சுடர் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் வையுங்கள், பேரக்குழந்தையின் முகம் தெரியும். அவர்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

குழந்தைகளுக்கு என்ன? கிறிஸ்துமஸ் பரிசுகளோடு போட்டி போட வேண்டுமா?

வேண்டாம். எட்டு இரவும் பரிசு என்பது அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பக்கத்தில் வளர்ந்த வழக்கம். பழைய வழக்கம் சில்லறைக் காசு. இப்போது அது தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசாகவும் வருகிறது, டிசம்பரில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

டிரெய்டல் என்ற, பக்கத்துக்கு ஒரு எபிரேய எழுத்துள்ள நாலு பக்கப் பம்பரம் வாங்கி வையுங்கள். ஆளுக்குப் பத்துக் கடலை கொடுத்து, நடுவில் ஒவ்வொன்று போடச் சொல்லுங்கள். நுன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் விழுந்தால் எல்லாமே உங்களுக்கு, ஹே விழுந்தால் பாதி, ஷின் விழுந்தால் ஒன்று போட வேண்டும். அங்கே பெரிய அற்புதம் நடந்தது என்பதன் முதலெழுத்துகள் இவை. இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் ஷின்னுக்குப் பதில் பே இருக்கும், அவர்களுக்கு அது இங்கே நடந்தது. ஹைஃபாவிலிருந்து வந்த பம்பரமும் பெர்லினில் வாங்கியதும் கலந்துவிட்டால் ஆட்டம் தொடங்குமுன் விதியைப் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை.

வாடகை வீடு. புகை, தீ பற்றிக் கவலை.

கவலைப்பட வேண்டியதுதான். விளக்கை எவர்சில்வர் தட்டில் வையுங்கள், திரைச்சீலையைக் கட்டிவிடுங்கள், அறையில் ஆள் இல்லாமல் விடாதீர்கள். பெர்லின் வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதைக் கழற்றி வைக்க வேண்டாம். பொரிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலை அகலத் திறந்தால் போதும். வந்தவர்களின் கோட்டுகளைப் படுக்கையறையில் போட்டுக் கதவை மூடுங்கள், இல்லையேல் நாளைக்கு ரயிலில் எல்லோரிடமும் எண்ணெய் வாசம் வரும். நெருப்புக்கு அனுமதி இல்லாத மாணவர் விடுதி என்றால் மின்விளக்கு ஹனுக்கியா வைக்கலாம், ஆனால் அதற்கு ஆசி சொல்வதில்லை என்பதே பரவலான வழக்கம்.

விருந்து அவர்கள் வீட்டில். நான் என்ன கொண்டுபோவது?

பூ, பழம், முத்திரை உள்ள சாக்லேட். வீட்டில் செய்த பலகாரத்தைக் கேட்காமல் கொண்டுபோக வேண்டாம்.

நீங்கள் யூதராக இருந்து, வெளியூரில் இன்னொருவர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் தல்மூதில் உங்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஒரு சின்னக் காசு கொடுத்தால் அவர் ஏற்றும் விளக்கில் நீங்களும் பங்குதாரர். வீட்டை விட்டு வெகுதூரம் வந்தவனையும் அந்தக் காலத்திலேயே நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போன ஹனுக்காவுக்கு டெல் அவிவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவன் இருபது சென்ட் காசை மேஜையில் வைத்தான். கணவர் வாங்கி அகல் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கை ஏற்றினார். அந்தப் பையன் பாடிய குரலைக் கேட்டிருந்தால் இந்தச் சம்பிரதாயத்தை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மிச்ச எண்ணெயையும் ஒட்டிய மெழுகையும் என்ன செய்வது?

எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறியதும் வடிகட்டி, கருகாமல் இருந்தால் அந்த வாரத்திலேயே இன்னொரு முறை பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் மூடியுள்ள பாட்டிலில் அடைத்துப் பொதுக் குப்பையில் போடுங்கள். மெழுகு ஒட்டிய ஹனுக்கியா உலோகம் என்றால் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், தட்டினால் உதிர்ந்துவிடும். வெள்ளியில் செய்ததைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், வெந்நீரே போதும்.